துப்பாக்கி விலக்கு வேட்பாளரை அளக்கும் கோலாகாது

குடகு மாவட்டத்தின் கொடவா இனத்தவருக்கும் ஜம்மா நிலவுரிமை பெற்றோருக்கும் ஆயுதச் சட்டத்தின் உரிம விதிகளிலிருந்து ஒன்றிய அரசு அளித்துள்ள விலக்கு 2029 அக்டோபரில் முடிவுக்கு வருகிறது. அதற்கு முந்தைய ஆண்டில் கர்நாடக சட்டமன்றத் தேர்தல் வருகிறது. அதே 2029இல் மக்களவைத் தேர்தல். ஆகவே மடிக்கேரி, விராஜ்பேட்டை ஆகிய இரு தொகுதிகளிலும், மைசூரு-குடகு மக்களவைத் தொகுதியிலும் "எங்கள் துப்பாக்கியைக் காப்பவருக்கே எங்கள் வாக்கு" என்ற முழக்கம் உரத்து எழும் என்பதை ஊகிக்கச் சோதிடம் தேவையில்லை. பெங்களூருவின் முற்போக்கு வட்டங்களிலும்கூட, இந்தக் கோரிக்கையை ஏற்கும் வேட்பாளரை ஆதரிப்பதில் தவறென்ன என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மழுப்பாமல் விடை சொல்வது இடதுசாரிகளின் கடமை. தவறு இருக்கிறது, பெருந்தவறு.

உரிமையா, விலக்கா?

கன்னடத்தில் இக்கோரிக்கைக்கு 'கோவி ஹக்கு' என்று பெயர். கோவி என்றால் துப்பாக்கி. ஹக்கு என்றால் உரிமை. நாளேடுகளும் மேடைகளும் இச்சொல்லையே ஆள்கின்றன. ஆனால் சட்டத்தின் மொழியில் அங்கிருப்பது 'வினாயிதி', அதாவது விலக்கு. கன்னட அறிக்கைகளைத் தமிழாக்கும் பணியில் இருப்போர் இவ்விரு சொற்களையும் ஒன்றாக்கிவிட முடியாது. உரிமை என்பது எல்லார்க்கும் உரியது. அதை ஒருவருக்கு மறுத்தால் அநீதி. விலக்கு என்பது எல்லாரையும் கட்டுப்படுத்தும் ஒரு விதியிலிருந்து சிலரை மட்டும் வெளியே நிறுத்துவது. அதற்குக் காரணம் காட்டியாக வேண்டும். காரணம் மறைந்த பின்னும் தொடரும் விலக்கு சலுகையாகிறது. சலுகை பிறப்பின் வழியே கைமாறும்போது அதற்கு வேறு பெயர் உண்டு. சாதியச் சமூகத்தில் வாழும் நமக்கு அப்பெயரை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விலக்கின் காரணம் எங்கே பிறந்தது? 1834இல் கிழக்கிந்தியக் கம்பெனி குடகு அரசர் சிக்க வீரராஜேந்திரரைப் பதவியிறக்கி நாட்டைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1857இன் பேரெழுச்சிக்குப் பின் இந்தியர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கும் சட்டங்கள் வந்தன. அப்போது குடகு மக்களின் விசுவாசத்தைப் பாராட்டி, 1861இல் ஆணையர் மார்க் கப்பன் அவர்களுக்கு விலக்களித்தார். இன்று பெங்களூருவில் பூங்கா ஒன்றுக்குப் பெயர் தந்து நிற்பவரும் இதே கப்பன்தான். 1878இல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் நாட்டு மக்கள் அனைவரையும் உரிமத்தின் பிடியில் வைத்துவிட்டு ஐரோப்பியரை விலக்கி வைத்தது. ஒரு கையால் நாட்டை நிராயுதபாணியாக்கிவிட்டு, மறுகையால் தனக்கு வேண்டியவர்க்கு மட்டும் துப்பாக்கியை நீட்டியது காலனி அரசு. பிரித்தாளும் கலையின் ஏட்டில் இதுவும் ஒரு பாடம்.

இத்துடன் 'போர்க்குடி' என்ற கோட்பாடும் சேர்ந்துகொண்டது. எந்தச் சாதி வீரமுடையது, எந்தச் சாதி கோழைத்தனமுடையது என்று வெள்ளை அதிகாரிகள் பட்டியலிட்டார்கள். அதே பட்டியலின் மறுபக்கத்தில், கம்பெனிக்காகத் தென்னிந்தியா முழுவதும் போரிட்ட மதராஸ் படையின் தமிழ்ச் சிப்பாய்கள் போருக்குத் தகுதியற்றவர்களென ஒதுக்கப்பட்டார்கள். பெங்களூரு அல்சூரில் இன்றும் தலைமையகம் கொண்டுள்ள மதராஸ் சாப்பர்ஸ் போன்ற சில பிரிவுகளே எஞ்சின. வாளை நீராட்டி வாழ்த்தும் 'வாள்மங்கலம்' புறத்திணையின் துறைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியத்திலேயே இடம்பெற்றுள்ளது. வீரமரபு எந்த ஓர் இனத்தின் தனிச்சொத்துமன்று. அதை ஓர் இனத்துக்குப் பட்டாவாக எழுதிக்கொடுத்தது காலனியம்.

கொடவா மக்களை இழிவுபடுத்துவது நம் நோக்கமன்று. கரியப்பா, திம்மய்யா போன்ற படைத்தலைவர்களை நாட்டுக்குத் தந்த மண் அது. ஆண்மகவு பிறந்தால் ஒரு வேட்டும், இறப்பு நேர்ந்தால் இரு வேட்டும் முழங்குவது அவர்களது வழக்கம். செப்டம்பர் மாதத்தில் கைல்போளுது விழாவில் ஆயுதங்களுக்கு மலரணிந்து வணங்குகிறார்கள். ஒரு மக்கள் கூட்டத்தின் சடங்குகளை மதிக்க நாம் தயங்கியதில்லை. ஆனால் சடங்கை மதிப்பது வேறு. அச்சடங்கின் கருவியை வாக்குச்சாவடியின் உரைகல்லாக்குவது வேறு.

அரசியலமைப்பு எடுத்த முடிவு

ஆயுதம் வைத்திருக்கும் உரிமை பற்றி இந்நாடு சிந்திக்காமல் இருந்துவிடவில்லை. லிட்டனின் சட்டத்தை விடுதலை இயக்கம் கடுமையாக எதிர்த்தது. 1931இன் கராச்சி காங்கிரஸ் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அடிப்படை உரிமைகளின் பட்டியலில் சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் இதற்கென ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அண்ணல் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. ஆயுதங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசிடம் இருந்தே தீர வேண்டும் என்பது அவரது வாதம். சபை திருத்தத்தை நிராகரித்தது. நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு மக்களுக்கு ஒன்றுகூடும் உரிமையை அளிக்கிறது, எப்படி? அமைதியாகவும் ஆயுதமின்றியும். ஆயுதமின்மையே இங்கு உரிமையின் நிபந்தனை.

சீக்கியர்களுக்குக் கிர்பான் அனுமதிக்கப்பட்டிருக்கிறதே, அதற்கு நிகராகக் கொடவா துப்பாக்கிக்கும் அரசியலமைப்புப் பாதுகாப்பு வேண்டும் எனச் சில அமைப்புகள் கோருகின்றன. 25ஆம் பிரிவின் விளக்கம் கிர்பானைச் சீக்கிய சமயத்தைக் கடைப்பிடித்தலின் ஓர் அங்கமாக ஏற்றுள்ளது உண்மை. ஆனால் கிர்பானைத் தரிக்க நிலப்பத்திரம் கேட்பாரில்லை. குடகின் விலக்கோ இரு கதவுகளைக் கொண்டது: ஒன்று இனம், மற்றொன்று ஜம்மா நிலம். அரசருக்குச் செய்த படைப்பணிக்கு ஈடாகத் தலைமுறை தலைமுறையாக வந்த நிலவுரிமையே ஜம்மா. நிலவரிக் கணக்கைப் பார்த்து வழங்கப்படும் ஒன்றைச் சமய நம்பிக்கை என்று எவ்வாறு அழைப்பது?

2021 செப்டம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் இந்த விலக்கு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. விடுதலைக்கு முன்பிருந்தே தொடர்வதையும், விலக்கு காலவரையறைக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டது என்பதையும் அது சுட்டிக்காட்டியது. தீர்ப்பு விலக்கைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்குகிறது. ஆனால் எந்த வேட்பாளர் மக்களுக்கு உகந்தவர் என்ற கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அது நம் வேலை.

யாருடைய கையில், யாரை நோக்கி?

காப்பித் தோட்டங்களின் குடகில் துப்பாக்கி யாரிடம் இருக்கிறது? நிலமுடையோரிடம். யாரிடம் இல்லை? எரவர், ஜேனு குறும்பர், பணியர் ஆகிய பழங்குடியினரிடம் இல்லை. தலைமுறை தலைமுறையாக லைன் வீடுகளில் வாழும் தலித் தொழிலாளர்களிடம் இல்லை. அசாமிலிருந்து வந்து காப்பி பறிக்கும் வங்கமொழித் தொழிலாளர்களிடம் இல்லை. 2016 டிசம்பரில் திட்டள்ளியில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பழங்குடிக் குடும்பங்களின் குடிசைகள் தரைமட்டமாக்கப்பட்டன. மண்ணின் மூத்த குடிகளான அவர்களின் குடியிருப்பு உரிமையைக் காப்பதாக வாக்களித்தவருக்கே வாக்கு என்று அன்று பெரிய கட்சிகளின் எந்த மேடையும் முழங்கவில்லை. அவர்கள் கேட்டது துப்பாக்கியன்று. தலைக்கு மேலே ஒரு கூரை.

2024 டிசம்பர் இறுதியில் விராஜ்பேட்டை வட்டத்துக் கிராமம் ஒன்றில், பலாக்காய் பறிக்க மரமேறிய பழங்குடி இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தது. இதை வைத்து ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அயோக்கியத்தனம். ஆனால், ஒரு பலாக்காய்க்கும் ஓர் உயிருக்கும் இடையில் இருந்தது ஒரு விசைவில்லும் ஒரு விரலும் மட்டுமே என்பதை மறைப்பதும் அதே அளவு அயோக்கியத்தனம். வர்க்க உறவு கூர்மையாக உள்ள இடத்தில் துப்பாக்கி நடுநிலையான பண்பாட்டுப் பொருளாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருப்பதில்லை. சுடப்படாதபோதும் அது பேசுகிறது. கூலி கேட்பவனுக்கு அதன் மொழி நன்றாகவே புரிகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் கூடுதல் நெற்கூலி கேட்ட 44 தலித் உயிர்கள் ஒரு குடிசைக்குள் கருகின. அன்று வந்த நிலப்பிரபுக்களின் கூட்டம் துப்பாக்கிகளோடு வந்தது. 1997 டிசம்பர் முதல் நாள் பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் நிலவுடைமையாளர்களின் ரணவீர் சேனை 58 பேரைக் கொன்றது. இந்தியக் கிராமத்தில் தனியார் துப்பாக்கி எந்தத் திசையை நோக்கி நீண்டிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

"மார்க்சே சொன்னாரே!"

இங்கே சில இளம் நண்பர்கள் 1850 மார்ச்சில் கம்யூனிஸ்ட் கழகத்துக்கு மார்க்சும் எங்கெல்சும் எழுதிய அறிக்கையை நீட்டுகிறார்கள். தொழிலாளர்கள் ஆயுதங்களைக் கையளிக்கக் கூடாது என்று அதில் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. 1848 புரட்சியின் தடுப்பரண்களில் தொழிலாளரைப் போரிட வைத்துவிட்டு, வெற்றிக்குப் பின் அவர்களை நிராயுதபாணியாக்கிக் கொன்று குவித்த முதலாளி வர்க்கத்தின் துரோகத்தைக் கண்ட அனுபவத்திலிருந்து எழுந்த அறிவுரை அது. அதில் பேசப்படுவது அமைப்பாகத் திரண்ட தொழிலாளி வர்க்கம். காப்பித் தோட்ட உரிமையாளரின் வேட்டைத் துப்பாக்கிக்கு அந்த அறிக்கையிலிருந்து நற்சான்று வாங்க முயல்வது, தெலுங்கானாவின் உழவர் போராட்டத்தையும் நிஜாமின் ரசாக்கர்களையும் ஒரே தட்டில் வைப்பதற்கு ஒப்பாகும்.

பெண்களின் தற்காப்பு என்றும் ஒரு வாதம் உண்டு. 2014இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற பெயரில் பெண்களுக்கான கைத்துப்பாக்கியை வெளியிட்டது. விலை ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல். விடியற்காலையில் தோட்டத்துக்கு நடந்து போகும் பெண் தொழிலாளிக்கு அது யாருக்கான பாதுகாப்பு என்று தெரியும்.

யானை பற்றிய வாதம் மட்டும் கவனத்துக்குரியது. குடகில் யானை-மனித மோதல் உண்மையானது, கொடியது. தேர்தல்தோறும் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும் ஆணை வரும்போது விவசாயிகள் எழுப்பும் முறையீட்டில் நியாயமான அச்சம் இருக்கிறது. ஆனால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி யானையைச் சுட முடியாது. வேட்டுச் சத்தத்தால் விரட்டலாம், அவ்வளவே. யானையின் காலில் மிதிபடுவோரில் தோட்டத்துக்கு நடந்து செல்லும் கூலித் தொழிலாளர்கள் பலர். விலக்குச் சான்றிதழ் இருப்பது அவர்கள் வீட்டிலன்று. ரயில் தண்டவாள வேலிகள், விரைவு நடவடிக்கைக் குழுக்கள், தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வாகனங்கள், தாமதமில்லாத இழப்பீடு ஆகியவற்றை வேட்பாளரிடம் கேட்போம். பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி தேவையென்றால், தேவையைக் காட்டி உரிமம் பெறும் வழி ஆயுதச் சட்டத்திலேயே இருக்கிறது. யானை இனம் பார்த்து வருவதில்லை. விலக்கு மட்டும் ஏன் இனம் பார்க்க வேண்டும்?

அமெரிக்காவின் மதிப்பெண் பட்டியல்

ஒரே ஒரு கேள்வியால் வேட்பாளரை அளந்தால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்கா கண்முன் நிற்கிறது. 1871இல் தொடங்கப்பட்ட தேசிய ரைபிள் சங்கம், வேட்பாளர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளைப் போல 'ஏ' முதல் 'எஃப்' வரை தரம் வழங்குகிறது. கூலி, மருத்துவம், போர் குறித்த நிலைபாடுகளைப் பார்ப்பதில்லை. துப்பாக்கி ஒன்றுதான் பாடம். 1980இல் அது முதன்முதலாக ஒரு குடியரசுத் தலைவர் வேட்பாளரை ஆதரித்தது. அவர் ரொனால்ட் ரீகன். இதே ரீகன்தான் 1967இல் கலிபோர்னியா ஆளுநராக இருந்தபோது, கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தினர் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்திச் சென்றதைக் கண்டு, அதைத் தடைசெய்யும் மல்ஃபோர்டு சட்டத்தில் கையெழுத்திட்டவர். கறுப்பர் கையில் இருந்தால் ஆபத்து, வெள்ளையர் கையில் இருந்தால் உரிமை! துப்பாக்கி அரசியலின் உட்பொருள் இதைவிடத் தெளிவாக வெளிப்பட்டதில்லை.

விளைவு என்ன? 2021இல் மட்டும் 48,830 பேர் அங்கே துப்பாக்கியால் மாண்டார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். 2022 மே மாதத்தில் டெக்சாஸின் உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் அந்த மதிப்பெண் பட்டியல் நின்றுவிடவில்லை.

நம் நாட்டில் அந்தப் பட்டியலுக்குக் காவி அட்டை போடும் வேலை தொடங்கிவிட்டது. 2025 மே மாதத்தில் அசாமின் பாஜக அரசு, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் துப்ரி, பார்பேட்டா உள்ளிட்ட மாவட்டங்களில் 'பூர்வகுடிகளுக்கு' ஆயுத உரிமம் வழங்கும் திட்டத்தை அறிவித்தது. அடுத்த ஆண்டு அங்கே சட்டமன்றத் தேர்தல் வரவிருந்தது என்பதை நினைவிற் கொள்க. அண்டை வீட்டாரைப் பகைவராகக் காட்டி, கையில் துப்பாக்கியைக் கொடுத்து, பதிலுக்கு வாக்கு வாங்கும் வாணிபம் இது.

கர்நாடகம் கண்ட ஒத்திகை

2022 மே மாதத்தில் குடகின் பொன்னம்பேட்டையில் ஒரு பள்ளி வளாகத்தில் பஜ்ரங் தளம் பயிற்சி முகாம் நடத்தியது. இளைஞர்களுக்குத் திரிசூலங்கள் வழங்கப்பட்டன. காற்றுத் துப்பாக்கி ஏந்திக் குறிபார்க்கும் படங்கள் வெளிவந்தன. அப்போதைய பாஜக சட்டமன்ற உறுப்பினர்கள் கே.ஜி.போப்பய்யாவும் அப்பச்சு ரஞ்சனும் முகாமுக்கு வந்து சென்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சிவமொக்காவில் பேசிய அன்றைய போபால் எம்.பி. பிரக்யா தாக்கூர், வீடுகளில் ஆயுதம் வைத்திருங்கள், இல்லையேல் காய்கறிக் கத்தியையாவது தீட்டி வையுங்கள் என்று அறைகூவல் விடுத்தார்.

இந்த ஒத்திகை எங்கே கொண்டுபோய் விடும் என்று பெங்களூரு ஏற்கெனவே கண்டிருக்கிறது. 2013 ஆகஸ்டில் புனேயில் தபோல்கர். 2015 பிப்ரவரியில் கோலாப்பூரில் கம்யூனிஸ்ட் தலைவர் கோவிந்த் பன்சாரே. அதே ஆண்டு ஆகஸ்டில் தார்வாட்டில் அறிஞர் கல்புர்கி. 2017 செப்டம்பர் 5 இரவில் ராஜராஜேஸ்வரி நகரில் தம் வீட்டு வாசலில் கௌரி லங்கேஷ். கல்புர்கியையும் கௌரியையும் கொன்றது ஒரே 7.65 மி.மீ. நாட்டுத் துப்பாக்கி என்பது சிறப்புப் புலனாய்வுக் குழுவின் விசாரணையில் வெளிவந்தது. 2024 அக்டோபரில், கௌரி வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டுப் பிணையில் வந்த இருவருக்கு விஜயபுராவில் மாலை அணிவித்தார்கள். அதே மாதத்தில் அவ்வழக்கின் மற்றொரு குற்றஞ்சாட்டப்பட்டவர் மகாராஷ்டிரத்தில் ஷிண்டேயின் சிவசேனையில் சேர்க்கப்பட்டார். எதிர்ப்பு எழுந்த பின்னரே அது நிறுத்தி வைக்கப்பட்டது. குடகின் பரம்பரைத் துப்பாக்கிக்கும் இந்தக் கள்ளத் துப்பாக்கிக்கும் நேரடித் தொடர்பில்லை. அப்படிக் கூறுவது நேர்மையாகாது. ஆனால் ஆயுதத்தைப் பெருமையின் அடையாளமாக மேடையேற்றும் அரசியல், இரண்டுக்கும் ஒரே கைத்தட்டலைத் தேடித் தருகிறது.

இப்போது கேட்போம்: 2023 மே தேர்தலில் 'கோவி ஹக்கு' என்ற கோலை வைத்து அளந்திருந்தால் குடகின் வாக்காளருக்கு என்ன தெரிந்திருக்கும்? ஒன்றுமே தெரிந்திருக்காது. பாஜகவும் விலக்கை ஆதரிக்கிறது, காங்கிரசும் ஆதரிக்கிறது. எல்லாரும் ஒரே உயரம் காட்டும் கோல், கோலே அன்று. ஆனால் பொன்னம்பேட்டை முகாம் என்ற கோல் வேறுபாட்டைக் காட்டியது. முகாமுக்குச் சென்ற இருவரும் அத்தேர்தலில் தோற்றார்கள். இரு தொகுதிகளும் பாஜகவின் கையைவிட்டுப் போயின. தோல்விக்குக் காரணங்கள் பல. எனினும் துப்பாக்கியைப் போற்றும் மண்ணிலும் மக்கள் துப்பாக்கியை மட்டும் பார்த்து வாக்களிப்பதில்லை என்பது உறுதியானது. அரசியல்வாதிகளைவிடக் குடகு மக்கள் தெளிவாகவே இருக்கிறார்கள்.

நமது கோல்

ஆகவே ஆதரவு கேட்டு வரும் வேட்பாளரிடம் இடதுசாரிகளும் சனநாயக சக்திகளும் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பொன்னம்பேட்டை போன்ற முகாம்களைப் பெயர் சொல்லிக் கண்டிப்பீரா? லைன் வீடுகளில் வாழ்வோருக்கு வீட்டுமனைப் பட்டாவும், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பழங்குடியினருக்கு நிலமும் பெற்றுத் தருவீரா? தோட்டத் தொழிலாளர் சட்டத்தை விழுங்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து நிற்பீரா? வங்கமொழி பேசும் தொழிலாளரை 'வங்கதேசத்தவர்' என்று வேட்டையாடும்போது அவர்கள் பக்கம் நிற்பீரா? கௌரி, கல்புர்கி வழக்குகளில் விரைந்து நீதி கிடைக்கக் குரல் கொடுப்பீரா?

துப்பாக்கி பற்றியும் கேட்போம். ஆனால் நம் மொழியில் கேட்போம். 2029இல் விலக்கு மறுபரிசீலனைக்கு வரும்போது, பிறப்பையும் நிலப்பத்திரத்தையும் அளவுகோலாக்கிய காலனிய ஏற்பாட்டை முடித்து, தேவையை மட்டும் அளவுகோலாக்கி, எல்லார்க்கும் ஒரே சட்டம், ஒரே பதிவேடு, ஒரே பொறுப்பு என்ற முறையைக் கொண்டுவர ஒப்புகிறீரா? சடங்குக்குரிய துப்பாக்கிகளுக்கும் அந்தப் பொதுச் சட்டத்துக்குள்ளேயே மதிப்பான இடம் தரலாம். எந்தக் கொடவா வீட்டின் பூசையறைக்குள்ளும் நுழைந்து எதையும் பறிக்கச் சொல்லவில்லை நாம். ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்குவது இன்னொருவரின் வாக்குச்சீட்டின் மீது நிழலாக விழக் கூடாது என்கிறோம்.

இந்தக் கேள்விகளை எழுப்பினால் குடகில் சில வாக்குகள் போகும் என்று அஞ்சும் நண்பர்கள் உண்டு. போகலாம். ஆனால் திட்டள்ளியிலும் லைன் வீடுகளிலும் இதுவரை எவரும் கேட்காத வாக்குகள் இருக்கின்றன. அவற்றைத் தேடிச் செல்வோம். விசைவில்லின் மேல் விரல் வைத்தவனுக்கு விசுவாசச் சான்று எழுதித் தந்தது கப்பனின் ஆட்சி. கொழுந்தும் காப்பியும் பறிக்கும் விரல்களில் மை வைத்து, அவற்றின் முடிவே இறுதி என்றது நம் குடியரசு. எந்த விரலுக்குத் தலைவணங்குகிறார் என்பதைக் கொண்டே வேட்பாளரை அளப்போம்.